பருவம் அறிந்து சமைத்த அம்மையார்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கென்று தனிப்பட்ட ஒரு பாகமுறை உண்டு. மக்காச்சோள மாவில் சுட்ட ரொட்டி, உப்பிட்டுப் புகையூட்டி மாதக்கணக்கில் தொங்கவிட்ட பன்றித்தொடை இறைச்சி, இறைச்சித் துண்டோடு நெடுநேரம் வேகவைத்த கீரை, கொழுப்பில் பொரித்த கோழி ஆகியவை அதன் பிரதான அம்சங்கள். நமக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றும் இந்தப் பதார்த்தங்களின் நடுவே வெண்டைக்காயும் காராமணியும் எள்ளும் வீற்றிருப்பதைக் கண்டால் தமிழ் வாசகர் சற்று வியப்படையக்கூடும். இம்மூன்றும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்களோடு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அந்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவை. தென் கரோலினாவின் பெயர்பெற்ற நெல்வயல்களும் அம்மக்களுடைய உழைப்பினால் உண்டானவையே.

விதையும் உழைப்பும் கைப்பக்குவமும் அவர்களுடையவை. கீர்த்தி மட்டும் நெடுங்காலம் எஜமானர்களுடையதாக இருந்தது. 1824ஆம் ஆண்டில் மேரி ராண்டால்ஃப் என்னும் சீமாட்டி வர்ஜீனியாவின் சமையலைப் பற்றி வெளியிட்ட புத்தகம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அத்தகைய மாளிகைகளின் அடுப்பங்கரைகளில் புகையில் வெந்தவர்களின் பெயர்கள் எந்த அட்டையிலும் ஏறவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸ் நகரத்துக்குத் தூது சென்றபோது, தம் அடிமையாகிய ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்னும் இளைஞரை உடனழைத்துப் போய்ப் பிரெஞ்சுச் சமையலில் தேர்ச்சி பெறச் செய்தார். அந்த ஹெமிங்ஸ், தாம் கற்ற வித்தையைத் தம் சகோதரருக்குக் கற்பித்து முடித்த பிறகே, 1796இல் விடுதலைப் பத்திரம் பெற்றார். பிற்காலத்தில் 1866இல் மலிண்டா ரஸ்ஸல் என்ற கறுப்பினப் பெண்மணியும், 1881இல் எழுதப் படிக்கத் தெரியாத ஆபி ஃபிஷர் என்ற பெண்மணி பிறரைக்கொண்டு எழுதுவித்தும் சமையற் புத்தகங்கள் வெளியிட்டார்கள் என்பது உண்மைதான். எனினும் அவை அபூர்வமான விதிவிலக்குகள். இந்தச் சரித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் எட்னா லூயிஸ் அம்மையார் சாதித்த காரியத்தின் அளவு நமக்குப் புலப்படும்.

அவர் 1916ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13ஆம் தேதி, வர்ஜீனியா மாநிலத்து ஆரஞ்சு கவுண்டியில், ஃப்ரீடவுன் என்னும் சிறு குடியிருப்பில் பிறந்தார். உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தளை நீங்கிய சில குடும்பத்தார் நிலம் பெற்றுத் தமக்கென்று அமைத்துக்கொண்ட ஊர் அது. தாங்கள் சுதந்திர மக்கள் என்பதை ஊரின் பெயரே அறிவிக்கவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். ஊரை நிறுவியவர்களில் எட்னாவின் பாட்டனாரும் ஒருவர். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத குறையைத் தீர்க்க அவர் தம் வீட்டுக் கூடத்தையே பாடசாலையாக்கினார். பாட்டியாரோ, அடிமையாயிருந்த காலத்தில் செங்கல் வேலை தெரிந்தவர் என்பதற்காக 950 டாலர் விலைக்கு வாங்கப்பட்டவர். மாளிகை கட்டுவதற்காக ஒரு மனுஷியை விலை பேசிய அந்தத் தொகையை, பேத்தி பின்னாளில் தம் புத்தகத்தின் முன்னுரையில் குரலை உயர்த்தாமல், கணக்குப் புத்தகத்தில் பதிவதுபோல எழுதிவைத்தார்.

அந்த ஊரில் மின்சாரம் கிடையாது, அடுப்புக்கு விறகு, கடையிலிருந்து வாங்குவன மிகச் சில. ஏனையவை யாவும் வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் ஓடையிலிருந்தும் தொழுவத்திலிருந்துமே வந்தாகவேண்டும். வசந்தம் பிறந்ததும் பெண்கள் வேலியோரங்களில் சக்கரவர்த்திக் கீரையையும் காட்டுக் கடுகின் இளந்தளிரையும் பறித்துவருவார்கள்; நம்முடைய உல்ல மீனுக்கு உறவான ஷாட் என்னும் மீன் முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறிவரும் நாட்கள் சிலவே ஆதலால், அந்நாட்களில் வீடு வீடாக அதுவே காலை ஆகாரம். கோடையில் பழங்களைப் பாகிலிட்டுப் பத்திரப்படுத்துவது, கூதிர்க்காலத்தில் காட்டுக் கொட்டைகளைப் பொறுக்குவது, டிசம்பர் மாதத்துக் கடுங்குளிரில் பன்றி அடித்து இறைச்சியை உப்பிடுவது என்று வருஷம் முழுவதும் வேலைக்குப் பின் வேலையாகத் தொடர்ந்து வந்தது. அடிக்கப்பட்ட பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி உலரவைத்து, கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது பளிங்குபோல் ஆனதும் குழந்தைகள் பலூனாக வைத்துக்கொண்டு விளையாடுவார்களாம். ஒரு பிராணியின் எந்த அங்கமும் வீணாகாத வாழ்க்கை எத்தகையது என்பதை இந்தச் சிறு விவரத்தைவிட நன்றாக விளக்க முடியாது என்று நினைக்கிறேன்.

தந்தையார் காலமான பின், பதினாறு வயதில் எட்னா ஊரைவிட்டுக் கிளம்பினார். தென் மாநிலங்களின் வறுமையையும் நிறவெறியையும் தாளாமல் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வட நகரங்களை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காலம் அது. முதலில் வாஷிங்டன், பிறகு நியூயார்க் நகரம். புரூக்ளினில் ஒரு சலவைச்சாலையில் துணிக்கு இஸ்திரி போடும் உத்தியோகம் கிடைத்தது. இஸ்திரிப் பெட்டியையே அதற்குமுன் கையாண்டறியாதவராகையால் மூன்று மணி நேரத்தில் அந்த உத்தியோகம் பறிபோயிற்று. ஆனால் தையல் அவருக்குக் கைவந்த கலையாக இருந்தது. பாரிஸ் நகரத்து டியோர் நிறுவனத்தின் உடைகளைப் பார்த்த மாத்திரத்தில் அதே வார்ப்பில் தைத்துக் கொடுக்கும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. நடிகை மர்லின் மன்றோவுக்கும் ஓர் உடை தைத்திருக்கிறார். பிற்காலத்தில் ஆப்பிரிக்கத் துணிகளில் தாமே வடிவமைத்துத் தைத்த நீண்ட அங்கிகளை அணிந்து, வெண்ணிறக் கூந்தலைக் கொண்டையாக முடிந்து, நெடிய உருவத்தோடு அவர் அவைக்கு வந்தால் எல்லோரும் தம்மையறியாமல் திரும்பிப் பார்ப்பார்களாம். இடதுசாரிப் பத்திரிகையாகிய ‘டெய்லி ஒர்க்கர்’ அலுவலகத்திலும் அவர் சிறிது காலம் பணிபுரிந்தார். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் தேர்தலுக்காகப் பிரசாரமும் செய்தார். அவர் மணந்த ஸ்டீவ் கிங்ஸ்டன் கப்பலில் தொழில் செய்து ஓய்ந்தவர். கம்யூனிஸ்ட் கொள்கையில் பற்றுடையவர்.

சமையலை அவர் எந்தக் கலாசாலையிலும் பயிலவில்லை. நண்பர்களுக்கு விருந்து சமைத்ததே அவருக்கு அந்தத் தொழிலின் வாசலைத் திறந்தது. 1940களின் இறுதியில், புராதனப் பொருள் வியாபாரியான ஜான் நிக்கல்சன் என்பவர் மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் ‘கஃபே நிக்கல்சன்’ என்ற சிறு உணவகத்தைத் தொடங்க, எட்னா அதன் சமையற்காரராகவும் பங்குதாரராகவும் சேர்ந்தார். ஒரு கறுப்பினப் பெண் அந்நகரத்தின் நாகரிகமான உணவகமொன்றில் பங்குதாரராவது அந்நாளில் எளிதில் காணக்கூடிய சம்பவமன்று. பதார்த்தங்களின் பட்டியல் மிகச் சிறியது: மூலிகை சேர்த்து வாட்டிய கோழி, மாட்டிறைச்சி, சிப்பி மீன், கடைசியில் முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்து அடுப்பில் உப்பவைக்கும் சாக்லெட் சுஃப்லே. அந்த உணவகத்துக்கு டென்னஸி வில்லியம்ஸ், ட்ரூமன் கபோட்டி, வில்லியம் ஃபாக்னர், மார்லன் பிராண்டோ, எலினார் ரூஸ்வெல்ட் முதலிய பிரமுகர்கள் வந்துபோனார்கள். தென்னாட்டில் வளர்ந்தவரான கபோட்டி சமையலறைக்குள்ளேயே நுழைந்து பிஸ்கட் கேட்பாராம். அது நம் டீக்கடை பிஸ்கட்டைப் போன்ற மொறுமொறுப்பான வஸ்து அன்று; மோர் விட்டுப் பிசைந்து சுடச்சுட எடுக்கும் மெத்தென்ற சிறு பன். பாரிஸில் சமையல் கற்றீர்களா என்று ஃபாக்னர் அவரை ஒருமுறை கேட்டாராம். மிசிசிப்பியில் பிறந்து தென்னாட்டு வாழ்க்கையையே நாவல்களாக எழுதிய அந்த மேதைக்கு, தென் மாநிலமொன்றின் கிராமத்துக் கைப்பக்குவம் ஐரோப்பியக் கலையாகப் பட்டதை என்னவென்று சொல்வது!

1950களின் நடுவில் அந்த உணவகத்தைவிட்டு விலகிய பிறகு, ஏறத்தாழ இருபது வருஷங்கள் அவருடைய வாழ்க்கை ஒரு நிலையில் நிற்கவில்லை. நியூஜெர்ஸியில் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி இனத்தை வளர்த்தார். நோய் கண்டு பறவைகள் அத்தனையும் மாண்டன. ஹார்லெமில் ஓர் உணவகம் நடத்தினார், அதுவும் நீடிக்கவில்லை. விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்தார், சமையல் வகுப்பு நடத்தினார், நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய கூடத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் கூறும் பணியையும் செய்தார். 1972இல், ஈவாஞ்சலின் பீட்டர்சன் என்ற தோழியோடு சேர்ந்து முதற் புத்தகம் வெளியாயிற்று. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய, அக்கால நாகரிகத்தைப் பின்பற்றிய சமையற் குறிப்புகளின் தொகுதி என்பதே அதைப் பற்றி என் அபிப்பிராயம்.

அவர் வாழ்க்கையில் திருப்பம் உண்டாக்கியவர் ஜூடித் ஜோன்ஸ் என்ற பதிப்பாசிரியர். ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பு அமெரிக்காவில் வெளிவருவதற்குக் காரணமானவரும், ஜூலியா சைல்டின் பிரெஞ்சுச் சமையற் புத்தகத்தை நாஃப் நிறுவனத்தின் மூலம் பிரசுரித்தவரும் அவரே. தம்மிடம் வந்த எட்னா, அச்சில் தந்த குறிப்புகளைவிட, ஃப்ரீடவுன் கிராமத்தைப் பற்றி வாய்மொழியாகப் பேசும்போது முகம் மலர்ந்து வேறொரு மனுஷியாகிவிடுவதை ஜோன்ஸ் கவனித்தார். பேசியபடியே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். தோழியார் பெருந்தன்மையுடன் ஒதுங்கிக்கொள்ள, எட்னா மஞ்சள் நிறக் காகிதக் கட்டுகளில் கையாலேயே எழுதலானார். அப்படி உருவாகி 1976ஆம் ஆண்டில் வெளிவந்ததுதான் ‘தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்’. ஆசிரியருக்கு அப்போது வயது அறுபது.

இந்தப் புத்தகத்தின் அமைப்பே ஒரு புதுமை. சூப்பு, இறைச்சி, காய்கறி, இனிப்பு என்று பதார்த்த வகைகளால் பிரிப்பதுதான் சமையற் புத்தகங்களின் வழக்கம். எட்னாவோ வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பருவங்களால் பிரித்து, ஒவ்வொரு பருவத்துக்குள்ளும் ஒரு குறிப்பிட்ட நாளின் சாப்பாட்டை முழுமையாக வைத்தார். ஆட்டுக்கு மயிர் கத்தரித்த நாளின் விருந்து ஒன்று. கோதுமை அறுவடையன்று, கதிரடிக்கும் இயந்திரத்தோடு பண்ணை பண்ணையாக வந்து சேரும் ஆட்களுக்கு ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிச் சமைக்கும் மத்தியான உணவு ஒன்று. பன்றி அடித்த மறுநாட் காலை ஆகாரம் ஒன்று. ஆகஸ்டு மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில் மாதாகோயிலின் புத்துயிர்க் கூட்டங்கள் தொடங்கும்போது, நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்களெல்லாம் ரயிலேறி ஊர் திரும்ப, மரநிழலில் நீளமான மேஜைகளைப் போட்டு ஒவ்வொரு குடும்பமும் தான் கொண்டுவந்ததைப் பரப்பும் விருந்து இன்னொன்று. வாசகர் ஒரு பதார்த்தத்தின் அளவுகளைத் தேடிப் போனால், அதற்கு முன்னால் அந்த நாள் எப்படி விடிந்தது, எந்த மலர் பூத்திருந்தது, யார் யாருக்கு உதவினார்கள் என்பதைப் படித்துத் தீரவேண்டும். பதார்த்தம் வேறு, அதை உண்டாக்கிய சமூகம் வேறு என்று பிரித்துப் பார்க்க அவர் இடங்கொடுக்கவில்லை.

பருவத்தை அவர் அலங்காரமாகச் சொல்லவில்லை. அது அவருக்குச் சமையலின் தர்க்கம். உதாரணத்துக்கு, உலகமெங்கும் தென்னாட்டுச் சமையலின் சின்னமாகிவிட்ட பொரித்த கோழியையே எடுத்துக்கொள்வோம். இன்று நெடுஞ்சாலைகளில் காகிதப் பெட்டிகளில் விற்கப்படும் அந்தப் பதார்த்தம், ஃப்ரீடவுனில் வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் மட்டுமே கிடைக்கும். வசந்தத்தில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் வளர்ந்து, பொரிப்பதற்கு உகந்த இளம்பருவத்தில் இருப்பது அந்தச் சில வாரங்கள்தான். முற்றிய கோழி வேகவைப்பதற்கு ஆகும், பொரிப்பதற்கு ஆகாது. பன்றிக்கொழுப்போடு வெண்ணெயும் சேர்த்து, மணத்துக்காகப் புகையூட்டிய பன்றித்தொடைத் துண்டு ஒன்றையும் அதிலிட்டு, அகன்ற வாணலியில் அவசரப்படாமல் பொரிப்பது அவர் முறை. தென்னாட்டுச் சமையல் என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் மலிவும்தான் என்று அமெரிக்காவிலேயே பலர் ஏளனம் செய்துவந்த காலத்தில், அது நிலத்தையும் காலத்தையும் நுணுகி அறிந்தவர்களின் பாகசாஸ்திரம் என்பதை ஒரு வாதமும் செய்யாமல் நிலைநாட்டிவிட்டார்.

சிலர் இந்தப் புத்தகத்தின்மீது ஒரு குறை சொல்வதுண்டு. 1920களின் வர்ஜீனியாவில் கறுப்பின மக்கள் அனுபவித்த அவமானங்களும் அச்சங்களும் அதில் எங்கே என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மேலோட்டமாகப் படிப்பவர்க்கு அது வெறும் மலரும் நினைவுகளாகத் தோன்றக்கூடும். ஆனால் புத்தகத்தில் இருப்பதைப்போலவே இல்லாததையும் கவனிக்கவேண்டும். அமெரிக்கர் யாவரும் நவம்பர் மாதத்தில் வான்கோழி சமைத்துக் கொண்டாடும் நன்றியறிதல் திருநாளுக்கு அதில் ஒரு விருந்துகூட இல்லை. ஏன் என்று ஜோன்ஸ் கேட்டபோது, எங்கள் ஊரில் அதைக் கொண்டாடுவதில்லை, விடுதலை நாளைத்தான் கொண்டாடுவோம் என்ற விடை வந்தது. ஆகவே அந்த இடத்தில் விடுதலை நாள் விருந்து இடம்பெற்றது. அதன் நாயகப் பதார்த்தம், ஆப்பிரிக்காவையே பூர்விகமாகக் கொண்ட கினிக்கோழி. தேசத்தின் பெருந்திருநாளைப் பஞ்சாங்கத்திலிருந்தே நீக்கிவிட்டு அடிமைத்தளை அறுந்த நாளை வைத்த ஒரு பெண்மணி அரசியல் பேசவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய கைமுறைகளுக்கு வருவோம். கேக் வெந்துவிட்டதா என்று அறிய நாம் குச்சியால் குத்திப் பார்ப்போம். அவர் தட்டை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துக் காதை அருகில் வைத்துக் கேட்பார். மாவுக்குள் ஈரம் மிகுந்திருக்கும்வரை குமிழிகள் உடையும் சத்தம் பலமாகக் கேட்கும். வெந்து வரவர அது ஓய்ந்து மெல்லிய முணுமுணுப்பாகும். அதுவே எடுக்கவேண்டிய தருணம். விறகடுப்பில் உஷ்ணமானியும் கடிகாரமும் இல்லாமல் கற்றவர்களுக்கே இந்த வித்தை கைகூடும். அவர் ஊரில் அளவுக் கரண்டிகளுக்குப் பதிலாக நாணயங்கள் பயன்பட்டன. சோடா மாவையோ உப்பையோ நாணயத்தின்மேல் குவித்து அளப்பார்கள். சிறிதளவுக்குச் சிறு காசு, கூடுதலுக்குப் பெருங் காசு.

கடைகளில் விற்கும் பேக்கிங் பவுடரை அவர் ஏற்கவில்லை. அதில் கலக்கும் ரசாயனப் பொருள்களின் கசப்பு நாக்கில் நிற்கிறது என்பது அவர் கட்சி. திராட்சை மது வடிக்கும் பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் ஒருவகைப் புளிப்பு உப்பைச் சுத்திகரித்துப் பொடியாக்கி ‘க்ரீம் ஆஃப் டார்ட்டர்’ என்று விற்பார்கள்; அதில் இரண்டு பங்குக்கு, நம் வீடுகளில் ஆப்பசோடா என்று வழங்குவது ஒரு பங்கு கலந்து, மும்முறை சலித்து, தாமே தயாரித்துக்கொள்வார். ஈரம் பட்டதும் புளிப்பும் காரமும் கலந்து கரியமிலவாயு எழும்ப, மாவு உப்பும். ரசாயனம் இதுவும்தான், ஆயினும் கடைச் சரக்கிலுள்ள அலுமினிய உப்பின் சுவை இதில் இல்லை. இத்தகைய நுட்பங்களையே பிரதானமாக்கி, மேரி குட்பாடி என்பவருடன் சேர்ந்து 1988இல் ‘இன் பர்ஸ்யூட் ஆஃப் ஃபிளேவர்’ என்னும் புத்தகத்தை வெளியிட்டார்.

மற்றவர்கள் ஓய்வை நாடும் பிராயத்தில் அவருக்கு உணவகங்களின் அழைப்பு வந்துகொண்டேயிருந்தது. வட கரோலினாவில் ஃபியரிங்டன் ஹவுஸ், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே மிடில்டன் பிளேஸ் ஆகிய இடங்களில் சமைத்தபின், 1988இல், புரூக்ளினில் 1879 முதல் வாயுவிளக்கொளியில் நடந்துவந்த ‘கேஜ் அண்ட் டோல்னர்’ உணவகத்தின் தலைமைச் சமையற்காரரானார். அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பெண் நண்டும் அதன் முட்டையும் சேர்த்த சார்ல்ஸ்டன் பாணி சூப்பைப் புரூக்ளின்வாசிகள் அவர் கையால் உண்டார்கள். இஸ்திரி போடத் தெரியாமல் வேலையிழந்த அதே புரூக்ளின்தான். 1992இல் அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவருடைய கடைசிக்காலம் ஒரு விநோதமான நட்பினால் நிறைந்தது. அலபாமாவைச் சேர்ந்த ஸ்காட் பீகாக் என்ற வெள்ளைக்கார இளைஞர், ஜார்ஜியா மாநில ஆளுநர் மாளிகையில் சமையற்காரராக இருந்தவர். இத்தாலிக்குப் போய் அந்நாட்டுச் சமையலைக் கற்க எண்ணியிருந்தார். அவரைத் தடுத்து, உன் சொந்த நாட்டுச் சமையலை முதலில் அறிந்துகொள் என்று திருப்பிவிட்டவர் எட்னா. ஏறத்தாழ ஐம்பது வயது வித்தியாசமுள்ள இருவரும் தென்னாட்டுச் சமையலைப் பேணுவதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவர் வர்ஜீனியாவின் வழக்கத்தையும் மற்றவர் அலபாமாவின் வழக்கத்தையும் முன்வைத்துத் தர்க்கித்தபடியே 2003இல் ‘தி கிஃப்ட் ஆஃப் சதர்ன் குக்கிங்’ என்ற புத்தகத்தை எழுதினார்கள். முன்பு சொன்ன பொரித்த கோழி இதில் இன்னும் நுணுக்கம் பெற்றிருக்கிறது: உப்புநீரில் ஓர் இரவு, பிறகு மோரில் பல மணி நேரம் ஊறிய பின்பே அது வாணலிக்குப் போகும். முதுமையும் மறதியும் வந்தபோது, அட்லாண்டாவை அடுத்த டெகேட்டூரில் தம் வீட்டிலேயே வைத்து அவரைப் பராமரித்தவரும் பீகாக்தான். 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி எட்னா லூயிஸ் அம்மையார் தமது 89ஆம் வயதில் அங்கே காலமானார்.

பட்டங்களும் பரிசுகளும் 1990களில் வரிசையாக வந்தன. அவற்றைப் பட்டியலிடுவதால் வாசகருக்கு லாபமில்லை. 2014இல் அமெரிக்கத் தபால் இலாகா சமையற்கலைஞர் ஐவருக்கு முத்திரை வெளியிட்டபோது, ஜேம்ஸ் பியர்டு, ஜூலியா சைல்டு ஆகியோருடன் அவரும் இடம்பெற்றார். தென்னாடு என்பது என்ன என்று அவர் எழுதிவைத்திருந்த ஒரு கட்டுரை, அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2008இல் ‘கூர்மே’ பத்திரிகையில் வெளியாயிற்று. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சார்ல்ஸ்டனில் நடந்த ‘டாப் செஃப்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு சுற்று அவருடைய சமையலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நிகழ்ச்சி ஒளிபரப்பான சில தினங்களில், நாற்பது வயதாகிவிட்ட ‘தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்’ புத்தகம் விற்பனைப் பட்டியலின் முன்வரிசைக்கு வந்தது.